எங்கள் பிள்ளைகளின் பெயர்களையும் விற்றீர்களே, மாரெக் அண்ணை

அன்பும் கோபமும் மாறி மாறி வருகிற என் மாரெக் அண்ணைக்கு,

போலந்தில் கால்பந்துச் செய்தியாளராக இருந்த நீங்கள், பிரெஞ்சு பேசுகிற இந்த லாசாலில் எங்கள் மேல்மாடிக்குக் குடிவந்து, குடியேறிகளின் விளையாட்டுச் செய்திகளை நான்கு பக்கத் தாளில் அச்சடித்துப் பெட்டிக்கடைகளில் வைத்தீர்கள். அந்தத் தாள் இணையத்தளமாகிப் பல மொழிகளில் வளர்ந்தது. நீங்களும் முதலாளியானீர்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு ஆள் தேடி எங்கள் கதவைத்தான் தட்டினீர்கள்.

"எனக்குப் பிரெஞ்சும் அரைகுறை, இங்கிலீசும் அரைகுறை, அண்ணை."

"எனக்கும் அப்பிடித்தான், தங்கச்சி. அதாலதான் பேப்பர் தொடங்கினனான்." நீங்கள் பிரெஞ்சில் சொன்ன அந்தப் பதிலில் 'தங்கச்சி' மட்டும்தான் தமிழ்.

பழைய மாணவர் சங்கங்களின் வலைப்பந்துப் போட்டிகளுக்குக் கொப்பியோடு போனேன். ஒரு புள்ளி தவறாமல் குறித்தேன். எங்கள் ஆட்களுக்குப் புள்ளி மட்டும் போதாது. விளையாடுகிற பிள்ளை ஆருடைய மகள், எந்த ஊர் என்று தெரியவேண்டும். அதையும் கேட்டு எழுதினேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் சொந்தக்காரர் தேடி வாசித்தார்கள். தாய்மார் என்னை நம்பித்தான் விபரம் தந்தார்கள். "சூது விளம்பரம் எங்கட பக்கத்தில ஒருநாளும் வராது" என்று எங்கள் சாமியறை வாசலில் நின்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் நான் கேட்டேன்.

நீங்கள் காலமாகி இரண்டு மாதத்தில், கோயில் மண்டபத்தில் என் சிநேகிதி வசந்தி கைத்தொலைபேசியோடு என்னை மறித்தாள்.

"அக்கா, இதைப் பாருங்கோ. என்ர பிள்ளையின்ர பேருக்குக் கீழ, 'எந்த அணி வெல்லும், காசு கட்டுங்கோ' எண்டு கிடக்கு. தகப்பன்ர பேர், ஊர் எல்லாம் இருக்கு. நீங்கள்தானே கேட்டு எழுதினனீங்கள்?"

"எனக்குத் தெரியாது, வசந்தி."

"இவ்வளவு விரதம் பிடிச்சும், சூதுக்கடைக்கு எங்கட பிள்ளையளைக் குடுத்திட்டீங்களே!"

அப்படியே மேல்மாடிக்கு ஏறினேன். உங்கள் மனைவி ஹன்னா அக்கா அழுதுகொண்டே விற்பனைப் பத்திரத்தைக் காட்டினா. பந்தயக் கம்பனி ஒன்றுக்கு எல்லாப் பக்கங்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் தைப்பொங்கலுக்கு முதல்நாள். அடுத்தநாள் எங்கள் வீட்டில் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிப் பொங்கல் சாப்பிட்டீர்களே, எப்படி அண்ணை தொண்டையில் இறங்கியது?

"உனக்குச் சொல்ல அவருக்குப் பயம்" என்றா ஹன்னா அக்கா. பெரிய அணிகளின் முதலாளிமாரையே எதிர்த்து எழுதிய உங்களுக்கு என்னிடம் என்ன பயம்? சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். பிள்ளைகளின் பெயர்களை எடுத்துவிட்டு விற்கச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே?

இப்போது சனிக்கிழமைகளில் லாசால், வில்லரே, புரோசார்ட் என்று வீடு வீடாகப் போகிறேன். தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்டு, பெயர்களை நீக்கச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்து வாங்குகிறேன். பிரெஞ்சில் நானே எழுதிய கடிதம்; பிழை திருத்த நீங்கள் இல்லை. சிலர் கதவு திறப்பதில்லை. முதல் கையெழுத்து வசந்தி வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று இன்று எழுதினால் பொய். கடைசிப் பிள்ளையின் பெயரும் அங்கிருந்து இறங்குகிற அன்று உங்களுக்காக ஒரு மோட்ச அர்ச்சனை செய்விப்பேன். ஐயர் நட்சத்திரம் கேட்பார். ஹன்னா அக்காவிடம் நீங்கள் பிறந்த நாளும் நேரமும் கேட்டு, பஞ்சாங்கம் பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் நட்சத்திரம் ரேவதி.

இன்னும் உங்கள் தங்கச்சிதான்,
கீழ்வீட்டுச் சிவகௌரி