கம்பியில் தொங்கும் குழை

உ

முள்ளியவளை
11.1.1962

அன்பு மகன் மயில்வாகனத்துக்கு ஐயா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே ஒருவருக்கும் காய்ச்சல், தடிமன் இல்லை, உன்னையும் லண்டன் குளிர் வருத்தாமல் இருக்க வேண்டும். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு விறைக்காதே. நெல் பால் பிடித்துவிட்டது, பன்றியும் மணம் பிடித்து வந்துவிட்டது. அதனால் வந்த வினைதான் இந்தக் கடிதம்.

நீ மாதந்தோறும் அனுப்பும் விஞ்ஞானப் புத்தகத்தை உன் தம்பி யோகநாதன் தேவாரம் போலப் பாடமாக்குகிறான், அறுபது வருடமாக வருகிற புத்தகம் பிழை சொல்லுமா என்பது அவன் கட்சி. அதிலே மாட்டுக்கு மின்சார வேலி போடும் படம் வந்ததல்லவா, அதைப் பார்த்து வயலைச் சுற்றிக் கம்பி இழுத்துவிட்டான். புத்தகக்காரர் சின்னப் பட்டரி வைக்கச் சொல்ல, பன்றிக்கு அது காணாது என்று இவன் தண்ணீர் இறைக்கும் இஞ்சினில், அரிசி ஆலையில் கழித்த டைனமோவைப் பூட்டியிருக்கிறான். பொழுதுபட்டதும் ஓட்டுவான். முதற்கிழமையே பெரிய பன்றி ஒன்று விழுந்தது, ஊரே மெச்சியது, நானும் மெச்சினேன். பிறகு எங்கள் நாய் விழுந்தது. படத்தில் நிற்கும் வெள்ளைக்காரன் சப்பாத்துப் போட்டிருக்கிறானடா, நாங்கள் வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறோம் என்றேன். ஐயாவுக்கு விஞ்ஞானம் விளங்காது என்கிறான்.

ஆட்கள் விலகிப் போகட்டும் என்று பாதையோரக் கம்பியில் இலையோடு முறித்த ஒரு குழைக்கொத்தைக் கட்டினான் பார், அதுதான் பெரிய பிழை. எங்கள் சனத்தை உனக்குத் தெரியாதா, காட்டுவழியில் குழை தொங்கினால் அது பிள்ளையார் இடம், தானும் ஒன்றை முறித்துப் போட்டுவிட்டுத்தான் அப்பால் போகும். இப்போது கம்பி நிறையக் குழை. எடுத்தெறியடா என்றால் அவனுக்கே கை வரவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும் வரவில்லை. சனத்திடம் சொன்னால், பகலிலதானே போடுறம் என்கிறார்கள்.

உன் அம்மா, நீ கப்பலால் வந்து இறங்கும்வரை வெள்ளிதோறும் அதிலே குழை போடுவதாக நேர்ந்திருக்கிறாள். அவள் கோயிலால் திரும்பப் பொழுதுபட்டு மைம்மலாகிவிடும். பெத்த தாயை அந்தக் கம்பி என்ன செய்யும், சும்மா இருங்கோ என்றாள். போன வெள்ளி நானும் கூடப் போனேன். காற்று எதிர்ப்பக்கம், சத்தம் வராது, இஞ்சின் ஓடுகிறதோ இல்லையோ தெரியவில்லை, அவள் கையை நீட்டிவிட்டாள், நான் தட்டிவிட்டேன், குழை சேற்றில் விழுந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால், அப்போது இஞ்சின் ஓடவே இல்லை என்று யோகநாதன் சிரித்தான். பிள்ளைக்கு நேர்ந்த குழையைச் சேற்றில் தள்ளின மனுசன் என்று அவள் இன்னும் என்னோடு கதையில்லை. நாளை வெள்ளி. தனியேதான் போவேன் என்று யோகநாதனிடம் சொல்லியிருக்கிறாள். நான் தூரத்தில்தான் பின்னால் நடக்க வேண்டும்.

கடிதம் கண்டவுடன் தம்பிக்கு எழுது, நீ சொன்னால் கேட்பான், அவனுக்கு நீயும் அந்தப் புத்தகமும் ஒன்று. நோய்நொடி அணுகாமல் பிள்ளையார் உன்னைக் காக்கட்டும். அம்மாவுக்கும் இரண்டு வரி எழுத மறவாதே மகனே, குழை போட வேண்டாம், நான் வந்துவிடுவேன் என்று.

உன் ஐயா
சிற்றம்பலம்