மைக்கேல்ராஜின் நினைவுப் பூசைக்குக் கிளம்பும் முன்

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. நீங்க மண்டபத்தூர்லேருந்து வாங்கிட்டு வந்த கோலா மீனக் காலையிலேயே குழம்பு வச்சுட்டேன்.

"இந்த மீன யாரு கேட்டா?"ன்னு நேத்து கத்தினேன்ல, அது மீனால இல்லங்க. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி என் பழைய மாமியார், மைக்கேல்ராஜோட அம்மா போன் பண்ணாங்க. "நாளைக்கு அவனுக்கு நினைவுப் பூசைம்மா, வருவியா?"ன்னாங்க. எனக்கு ஞாபகமே இல்ல. அவர் போனதுலேருந்து ஒரு வருஷமும் மறந்ததில்ல. இந்த வருஷம் உங்களக் கட்டிக்கிட்டு, பீச்சு சினிமான்னு சிரிச்சுக்கிட்டே இருந்துட்டேன். அவங்க குரலக் கேட்டதும் கூசிப்போச்சு. அந்த நேரம் பாத்து நீங்க பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பையோட உள்ள வந்தீங்க. நான் சந்தோஷமா இருந்ததே தப்புன்னு தோணுச்சு. திட்டு உங்க மேல விழுந்துச்சு. நீங்களும் சாப்பிடாமப் படுத்துட்டீங்க. மன்னிச்சுக்குங்க.

கேஸ் சிலிண்டர் வருது. வேலைக்குப் போறப்ப சாவிய பக்கத்து வீட்டு ஜஸீலாக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.

சலோமி

இன்னொண்ணு. மறந்துட்டேன்னு அவங்ககிட்ட அழுதேன். "மறக்குற அளவுக்கு நீ நல்லா இருக்கியே, எனக்கு அது போதும். அந்தத் தம்பியையும் கூட்டிட்டு வா"ன்னாங்க. நேத்து இத உங்ககிட்ட சொல்ல வாய் வரல. பூசை சாயங்காலந்தான். ஸ்கூல் விட்டு நேரா வந்து கோயில் வாசல்ல நிப்பேன். நீங்க வர்ற வரைக்கும் உள்ள போகமாட்டேன்.