ஞாயிற்றுக்கிழமை மாற்றிய ஹெட்லைட்

அம்மா,

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், அன்னவாசல் வட்டாரத்தில் இதுநாள் வரை மஞ்சளாக எரிந்துவந்த நம் வீட்டு மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு, சென்ற ஞாயிறு மாலை முதல் வெள்ளையாக எரிகிறது. மேற்படி மாற்றம், மெக்கானிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல், எவருடைய உதவியுமின்றி, நம் வீட்டு வாசலிலேயே அடியேனால் செய்து முடிக்கப்பட்டது.

கையில் இன்னும் வயர் கருகிய வாடை இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கையால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வண்டியைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். நீ போனதிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. மிக்சியைக் கழற்றி மாட்டினேன். டேபிள் ஃபேனையும் கழற்றினேன், அதை மட்டும் இன்னும் மாட்டவில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நீயேதான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாய். திரும்பி வரும்போது அதை அக்கா ஓட்டி வந்தாள். அன்றிலிருந்து வண்டி அவளிடம்தான். வேலை முடிந்து புதுக்கோட்டையிலிருந்து அவள் வரும்போது கண்மாய்க் கரையில் இருட்டிவிடுகிறது. உன் காரியத்துக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த அப்பா திரும்பிப் போகவில்லை. தினமும் வாசலில் நின்று பார்க்கிறார். போன வாரம் சாப்பிடும்போது சொன்னார்:

"இந்த மினுக்கட்டாம்பூச்சி வெளிச்சத்துல புள்ள எப்புடி வருவா? வண்டியக் குடுத்துட்டு ஒரு ஸ்கூட்டர் எடுத்துருவோம். திங்கக்கெழம பாக்குறதுக்கு ஆளு வாராரு."

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"லைட்டுதானப்பா பிரச்சன? நான் மாத்திர்றேன்."

"ஒனக்கு என்னடா தெரியும்?"

"வீடியோவுல எல்லாம் இருக்கு."

"ஞாயித்துக்கெழம பொழுது சாயிறதுக்குள்ள மாத்து. சரியா இருந்தா யோசிக்கலாம்."

விளக்கு மாற்றுகிறேன் என்றேன். நீ இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாய். உன் வண்டியில் நான் கைவைத்தது இது முதல் தடவை இல்லையே. ஹாரனைக் கழற்றிவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும் லாரி மாதிரி பாட்டுப் பாடும் ஹாரனை மாட்டினேனே, நினைவிருக்கிறதா? அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை அட்டையை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு, அந்த ஹாரனோடு ஊரைத் தாண்டிப் போனாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குச் சரியாக கேட்டுக்கு முன்னால் வந்து நின்று அதை அமுக்கினாய். என் வகுப்பு மொத்தமும் ஜன்னலில். "நீ மாத்துனதுதானே சாமி, நீயே கேளு." ஏழாவது நாள் நானே கழற்றிவிட்டேன்.

வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஆக்சிலேட்டரை உர் உர் என்று முறுக்கிக்கொண்டே நிற்பாய். விட்டால் வெளிச்சம் செத்துவிடும். எஞ்சின் ஓடுகிற வேகத்துக்குத்தான் அந்தப் பழைய பல்பு எரியும். அதனால் எல்இடி பல்போடு, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்க ஒரு வயர் செட்டும் வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலையிலேயே டூமை, அதுதான் ஹெட்லைட் கூட்டை, கழற்றிவிட்டேன். உள்ளே ஒரு குளவிக் கூடு. வாடகை கொடுக்காமல் குடியிருந்தவர்களைக் காலி செய்தேன். பேட்டரியில் வயரை மாற்றிக் கொடுத்ததில் புகை வந்தது. அந்த வாடைதான் இது. வேறு வயர் போட்டேன். பல்பு, வளையத்துக்குள் உட்காராமல் அடம்பிடித்தது. நானும் யாருடைய பிள்ளை? திருகி உட்காரவைத்தேன். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் தெருவே வெளுத்துவிட்டது.

தெரு என்றா சொன்னேன்? தெரு அப்படியே இருட்டாகத்தான் இருந்தது. எதிர்ப் புளியமரத்தின் உச்சி வெளுத்தது. அடைந்திருந்த காக்கையெல்லாம் விடிந்துவிட்டது என்று கிளம்பிவிட்டன. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு மாமா புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்தார். கண்ணை மூடினார். நேராக வாய்க்காலில் இறங்கினார்.

"எவன்டா அது, சூரியனப் புடிச்சு வண்டியில கட்டுனவன்?"

"நான்தான் மாமா. அடி பட்டுருச்சா?"

"அடியெல்லாம் இல்ல. கண்ணுதான் எங்கிட்டுப் போச்சுன்னு தெரியல."

அவரைத் தூக்கிவிட்ட அப்பா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கி அந்த ஆள வரச் சொல்லிர்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குக் கால் நிற்கவில்லை. வண்டியை நாலு சுற்றுச் சுற்றினேன். ஸ்கூட்டர் வந்துவிட்டால் வாசலில் அந்த உர் உர் சத்தத்துக்குச் சொந்தமாக ஒன்றும் இருக்காது.

அரைமணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வெளிச்சம் தரையில், வாய்க்கால் ஓரம் வரை, பாய் விரித்த மாதிரி விழுந்தது. அப்பா முன்னால் நடந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், மாமாவையே சைக்கிளில் வரச் சொல்லிப் பார்த்தார். "வண்டி இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை ஆள் வரவில்லை.

இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுந்து போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். முடிக்க முடியவில்லை.

சரி செய்தது நான் இல்லை, அம்மா. அக்கா. பல்பின் விளிம்பில் மூன்று தகட்டுப் பல் உண்டு. பெரிய பல் கீழே போய், பல்பு தலைகீழாக உட்கார்ந்திருந்தது. நான் தூக்கிப்போட்ட அட்டைப்பெட்டியை எடுத்து, அதிலிருந்த படத்தைப் பார்த்து, "பெரிய பல்லு மேல இருக்கணும்டா லூசு" என்று பத்து நிமிடத்தில் திருப்பி மாட்டினாள். ஊருக்குள் நான்தான் என்று சொல்லிக்கொள்ள விட்டுவிட்டாள். ஆனால் டூமை மூடும்போது கண்ணாடியைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "பொட்டு எங்கடா?"

போன வருஷம் டவுனில் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி, எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். நீ அவர் பிரஷ்ஷைத் தடுத்து, "பெயிண்ட் வேணாம் சார், அசிங்கமா இருக்கும்" என்று பையிலிருந்து பெரிய கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நீயே ஒட்டினாய். அவர் சிரித்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அது விழ விழ வேறு ஒட்டினாய். கடைசியாக ஒட்டியது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்.

"மழையில விழுந்துருக்கும்" என்று அக்காவிடம் சொன்னேன். மழை எங்கே பெய்தது? ஞாயிறு காலையில், முதல் வேலையாக, வெளிச்சத்தை மறைக்கிறதே என்று பிளேடால் சுரண்டியது நான்தான். உன் வண்டியைக் காப்பாற்றப்போகிற அவசரம். வாசலை எவ்வளவோ தேடினேன். பாதிதான் கிடைத்தது. என் போன் உறைக்குள் வைத்திருக்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.