பனியில் நடக்க என் கால் அளவு

வாலிகண்டபுரம்
புரட்டாசி மாதம், 1981

என் தங்க மகள் வேம்புக்கு அம்மா பொன்னாயி ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் ராசாங்கமும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம், சினைப்பசுவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிறதும் சுகமாயிருக்க சிறுவாச்சூர் மதுரகாளி பக்கத்திலேயே இருப்பாள். போன கடிதத்தை உன் அண்ணன்தான் எழுதினான், நான் சொன்னதில் பாதியை, அதுவும் உன் அத்தை கொளஞ்சியம்மாளைப் பற்றிச் சொன்னதை எல்லாம் விட்டுவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் இதை நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு, கொம்பும் காலும் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துப் படி.

நீ இருக்கிற நார்தம்பர்லாந்து என்கிற பேர் என் வாயில் நுழையவில்லை, வடக்குச் சீமை என்றே வைத்துக்கொள்கிறேன். ஐப்பசியிலேயே மரமெல்லாம் மொட்டையாகிவிடும், மார்கழியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கே இருட்டிவிடும், வாசலில் வைத்த பால் புட்டி உறைந்து மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும், கொடியில் போட்ட சட்டை பலகை மாதிரி விறைத்துப்போகும், சித்திரையில்கூடக் கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து எதிர்வீட்டை மறைக்கும், ஆனியில் மட்டும் ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் வெளிச்சம் போகாது என்று நீ எழுதியதை உன் அண்ணன் படிக்கப் படிக்க எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். இங்கே இன்னும் மழை இல்லை, கரிசல் வெடித்துக் கிடக்கிறது, நேற்று ஒரு வெடிப்பில் ஆட்டுக்குட்டி காலை விட்டுக்கொண்டு கத்தியது. அந்தப் பனியில ஒரு கூடை அள்ளி பார்சல் போடச் சொல்லுங்கத்தை என்கிறாள் உன் அண்ணி. எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் எழுதியிருந்தாயே, டாக்டர் பிளேனில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார், தை மாதப் பிரசவத்துக்கு ஊருக்கு வர முடியாது, அம்மாவும் வர வேண்டாம், இந்தக் குளிரைத் தாங்க மாட்டாள் என்று. அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் வீடு கிளம்பி மகளிடம் போக வேண்டியதுதானே. இதைச் சொன்னதும் உன் அத்தை ஒரு சிரிப்பு சிரித்தாள் பார், அண்ணி, அந்தக் குளிருல நீங்க கருவாடா விறைச்சுப் போவீங்க, பெத்தவளுக்குப் பத்தியம் பாக்குறதா உங்களுக்குக் கொள்ளி வெக்கிறதா என்றாள். உன்னை நர்சு படிப்புக்குத் திருச்சிக்கு அனுப்பினபோதும் இதே வாசற்படியில் நின்று, பொட்டப்புள்ளையைப் பீ மூத்திரம் அள்ள அனுப்புறா என்று சொன்னவள்தான். அன்றைக்கு அவள் கையில் பாதி தின்ற கொய்யாப்பழம் இருந்தது, எனக்கு அதுகூட ஞாபகம் இருக்கிறது.

உன் அண்ணனும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். அரியலூர் ஐஸ் கம்பெனி ரூம்ல ஒரு வெத்தலை போட்டு மென்னு முடிக்கிற வரைக்கும் உக்காந்துட்டு வாம்மா, நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுறேன் என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னான், நான் மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். நான் தோற்பதைப் பார்க்க உன் அத்தையும் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கம்பெனியில் நம் தெருப் பழனிவேல்தான் ஐஸ் பாளங்களை உமி போட்டு அடுக்குகிறவன், அவன் தலையில் அடித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான். அம்மாடி வேம்பு, உள்ளே காலை வைத்ததும் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. சுருட்டுப் பிடிக்காமலே வாயிலிருந்து புகை வருகிறது. உன் அத்தை, ஆத்தாடி என் காது கழண்டு வுழுந்துடும் போலருக்கே என்று ஒரே ஓட்டமாக வெளியே ஓடிவிட்டாள், பூ மட்டும் உள்ளே கிடந்தது. நான் சாக்கை விரித்து உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி நிதானமாக மென்றேன். அது முடிந்ததும், வந்தது வந்தோம் என்று இன்னொன்றும் போட்டேன். பெரியம்மா வெளியே வாங்க, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊருக்குள்ள நான் தலைகாட்ட முடியாது என்று பழனிவேல் கெஞ்சின பிறகுதான் எழுந்தேன். உடம்பெல்லாம் தாங்கிவிட்டது, பாதம் மட்டும் தாங்கவில்லை. பித்தவெடிப்பெல்லாம் விண்டு தரையில் ஊன்ற முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணன் வெயிலில் உட்காரவைத்து என் காலைத் தன் மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே, நீ ஜெயிச்சிட்டம்மா, ஆனா ஷூ இல்லாம உன்னை அனுப்ப மாட்டேன் என்றான். நான் மாட்டேன் என்றேன்.

ஏன் என்று உனக்குச் சொன்னதில்லை. நீ என் வயிற்றில் இருந்தபோது உன் அப்பா அரியலூர்ச் சந்தையில் பச்சை வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிவந்தார். அதைப் போட்டுக்கொண்டு மேலத்தெரு வழியாகப் போனேன். பண்ணை வீட்டம்மாள், மயில்கழுத்துப் புடவை கட்டியிருந்தாள், வாசலில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தாள், யாருடி அது செருப்புச் சத்தம் கேக்குது, கழட்டித் தலையில வச்சுக்கிட்டுப் போடி என்றாள். வைத்துக்கொண்டு போனேன். பிறகு காலம் மாறி, யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆனது. அவர்கள் சரி என்று சொன்னதற்காக நான் ஏன் போட வேண்டும் என்று இதுவரை போடவில்லை. அவள் பேரன் இன்றைக்கும் சௌக்கியமா என்று கேட்கிறான், நான் பதில் சொல்வதில்லை. ஆனால் இப்போது போடு என்று சொல்வது குளிர். குளிருக்கு மேலத்தெரு கீழத்தெரு தெரியாது, அது சொன்னால் கேட்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ பிடித்தாகிவிட்டது, மார்கழி பிறக்குமுன் உன்னிடம் இருப்பேன்.

இதோடு ஒரு காகிதத்தில் என் பாதத்தை வரையவைத்து அனுப்பியிருக்கிறேன், அந்த அளவுக்கு அங்கேயே ஒரு ஷூ வாங்கி வை. உன் அண்ணன் வரைந்தான், கால் அசையாமல் உன் அத்தைதான் பிடித்துக்கொண்டாள். என்னா அகலம் அண்ணி, இதுக்கு ஒரு மாட்டுத் தோலு முழுசா வேணுமே என்றாள். அதையும் மனதில் வைத்திருக்கிறேன். ஆனாலும் தன் வீட்டுக்காரருடைய மப்ளரைத் துவைத்துக் கொண்டுவந்து, காதைக் கட்டிக்குங்க அண்ணி என்று கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். உன் கல்யாணத்துக்கு அவள் வைத்த ஓட்டைக் குடம் வேறு கணக்கு. சுக்கு, பூண்டு, வசம்பு, பிள்ளை மருந்து எல்லாம் கட்டி வைத்துவிட்டேன். நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே, பனி வழுக்கும், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நட, ராத்திரி டியூட்டி பார்க்காதே. இருட்டுகிறதே என்று மனம் சோர்ந்து உட்காராதே, விளக்கைப் போட்டுக்கொண்டு பாடு, பிள்ளை கேட்கும். பதினாறும் பெற்று என்று எழுத மாட்டேன், இந்த ஒன்று நல்லபடியாகப் பிறக்கட்டும், நீயும் அதுவும் நூறு வயது நன்றாயிருங்கள்.

ஒன்று மறக்காதே. பனிமேல் நடந்தால் சத்தமே வராது என்று எழுதியிருந்தாய். அதனால் குதிகால் கெட்டியாக இருக்கிறதாகப் பார்த்து வாங்கு. உன் வீட்டுத் தரையில் நான் போட்டுக்கொண்டு நடந்தால் டக்கு டக்கென்று கேட்க வேண்டும். அம்மாயி வருகிற சத்தம் பிள்ளைக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
அ. பொன்னாயி