சன்னா இலை

அன்புள்ள தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். நீ அனுப்பிய பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்தது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நலமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. "பருமனூட்டி மாமா இன்னைக்கு யாரைத் திட்டுறாரு?" என்று சின்னவள் கேட்டது எனக்குத் தெளிவாகவே காதில் விழுந்தது. அதனால்தான் கடிதம். இதை நீ தனியாகத்தான் படித்தாக வேண்டும்.

பெட்டியோடு வைத்திருந்த சீட்டையும் பார்த்தேன். "உன் தொப்பைக்கு, அண்ணா." நன்றி. பெரியண்ணனுக்குக் கைக்கடிகாரம் அனுப்பினாய், எனக்கு இளைப்பதற்குப் பிஸ்கட்டும் தேநீரும். குறையாகச் சொல்லவில்லை. நினைவில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

உன் புகைப்படத்தை அண்ணி பக்கத்து வீட்டாருக்கெல்லாம் காட்டிவிட்டாள். ஹோட்டல் முகப்பில், பளபளக்கும் மேஜைக்குப் பின்னால், புதுச் சீருடைக் கோட்டில் நிற்கிறாய். கோட்டுக்குப் பொத்தான் போட்டிருக்கிறாய். "என் நாத்தனாரா இதுன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்கிறாள். எனக்கும் வந்தது. முகம் சின்னதாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே மட்டும் ஏதோ வாடினாற்போல இருக்கிறது. விளக்கு வெளிச்சமாக இருக்கலாம்.

நான் எதையும் தின்பதற்கு முன்னால் அதைச் சுற்றியிருக்கும் காகிதத்தைப் படிப்பவன் என்பது உனக்குத் தெரியும். எனக்குச் சோறு போட்டதே அந்தக் காகிதம்தான். பெட்டியைப் புரட்டினால், அட, நம் பழைய கம்பெனி! வெளிநாட்டுச் சரக்கை வரவழைத்து, மேலே உள்ளூர் மொழிகளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கடைகளுக்கு அனுப்பும் அதே கம்பெனி. அந்த ஸ்டிக்கரின் தமிழ் ஒரு காலத்தில் என் தமிழ்.

நான் வேலை இழந்த கதையை நீ மாப்பிள்ளை வாயால்தான் கேட்டிருக்கிறாய். ஒரு முறை என் வாயாலும் கேள். பிஸ்கட்டிலிருந்து சர்க்கரையை எடுத்தால் போவது இனிப்பு மட்டுமல்ல, பிஸ்கட்டின் உடம்பில் ஒரு பெரும் பங்கும் போய்விடும். பண்டம் சூம்பிவிடும். அந்த இடத்தை அடைப்பதற்கென்று, ருசியும் இல்லாத, பெரிதாகச் சத்தும் இல்லாத ஒரு தூளைச் சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'பல்க்கிங் ஏஜென்ட்' என்று பெயர். பண்டத்துக்குப் பருமனைக் கொடுப்பது. நான் 'பருமனூட்டி' என்று எழுதினேன். அச்சாகி, ஒட்டப்பட்டு, கடைக்கும் போய்விட்டது. விசில் என்னைக் கூப்பிட்டனுப்பினான். எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. கோபம் வந்தால் திட்ட மாட்டான், மெதுவாக விசிலடிப்பான். "சார், இளைக்கிறதுக்கு விக்கிற சாமான்ல பருமனூட்டின்னு போட்டா எவன் சார் வாங்குவான்?" என்றான். பருமன் பிஸ்கட்டுக்குத்தான், வாங்குபவனுக்கு இல்லை என்று இலக்கணத்தோடு விளக்கினேன். அவன் விசிலடித்தான், என் வேலை போயிற்று. இன்றைக்கும் சொல்கிறேன், அது சரியான சொல்.

எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஆளே வைக்கவில்லையாம். கம்ப்யூட்டர் மொழிபெயர்க்கிறதாம். அது என்ன போட்டிருக்கிறது என்று உன் பெட்டியில் நீயே பார். கோதுமை மாவு, தாவர எண்ணெய், மொத்த முகவர். உன் பிஸ்கட்டுக்குள் ஒரு மொத்த வியாபாரி உட்கார்ந்திருக்கிறார்! வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து எட்டிப்பார்த்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

சிரித்து முடித்துத் தேநீர்ப் பக்கம் போனேன். பச்சைத் தேயிலை, எலுமிச்சைப்புல், சன்னா இலை. போன வாரம் நீயே சொன்னாய், "கொண்டைக்கடலைச் செடியோட இலைண்ணா, ஒரே புரோட்டீன்" என்று. கொண்டைக்கடலையை எனக்குத் தெரியும். அதன் இலையைக் காயவைத்துத் தேநீர் போட்டவரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆசை விடவில்லை. ஒரு பையைக் கத்தரித்து, வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் தட்டில் பரப்பினேன். எலுமிச்சைப்புல்லை மூக்கே சொல்லிவிட்டது. தேயிலை கறுத்துச் சுருண்டிருந்தது. மூன்றாவது ஒன்று இருந்தது: மெல்லிசாக, வெளிர்ப்பச்சையாக, விளிம்பு வழவழவென்று. அதுதான் சன்னா என்றால் ஒப்பிட்டுப் பார்க்க நிஜச் செடி வேண்டுமே! பால்கனியில் காலி பெயின்ட் டின்னில் ஒரு பிடி கொண்டைக்கடலை ஊன்றியிருக்கிறேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்னொரு பையைக் குடித்தும் பார்த்தேன். விவரமாக எழுத வேண்டாம் என்று அண்ணி சொல்கிறாள். மறுநாள் காலை, இப்போது பிழை திருத்தும் அச்சகத்துக்குப் பஸ்ஸில் போனவன் பாதி வழியில் குதித்து, முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குள் நுழைந்து, பல்வலி என்று பொய் சொல்லி, நேராக அவர்கள் கழிவறைக்குப் போனேன் என்பதோடு விடுகிறேன். வெளியே வந்தபோது நாற்காலி தயாராக இருந்தது. ஒரு பல்லைச் சுத்தம் செய்துகொண்டுதான் தப்ப முடிந்தது. கொண்டைக்கடலை யாரையும் இந்தப் பாடு படுத்தியதாக நினைவில்லை.

உனக்கும் இப்படித்தானா? "உடம்பு சுத்தமாகுதுண்ணா" என்று நீ சொன்னது இதைத்தானா? நின்று நின்று கெண்டைக்கால் இழுக்கிறது என்றாயே, அது இந்தத் தேநீருக்கு முன்பும் இருந்ததா? எவ்வளவு நாளாகக் குடிக்கிறாய்? சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கோபமாகவாவது பதில் எழுது.

இப்படிக்கு,
உன் சின்னண்ணன்

*

தங்கைக்கு,

உன் பதில் வந்தது. கோபமாகவாவது எழுது என்றேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். யார் நன்றாக இருந்தாலும் எனக்குப் பொறுக்காது என்று எழுதியிருக்கிறாய். பெரியண்ணன் எப்போதும் சொல்வதுதான், உன் கையெழுத்தில் படிப்பது இதுதான் முதல் முறை.

அதற்குக் கீழே எழுதியிருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். "இத்தனை வருஷம் என்னைப் பின்னறையில உக்கார வச்சு போன் எடுக்கச் சொன்னாங்க. குரல் நல்லா இருக்காம். இப்ப இளைச்ச பிறகுதான் முன் மேஜையில நிக்கச் சொல்லியிருக்காங்க. அதையும் பிடுங்கிடாதே அண்ணா." நீ பின்னறையில் இருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது. வரவேற்பில் வேலை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தாய். அந்த ஹோட்டல்காரர்கள் மேல் வந்த ஆத்திரத்தில் அன்று திருத்த வேண்டிய பக்கங்களைத் திருத்தாமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. அண்ணி போனையும் எடுக்கவில்லை. ஆகையால் கூரியரில் அனுப்புகிறேன். இதைக் கிழித்துப் போடுவதானாலும் இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுக் கிழி.

கொண்டைக்கடலை முளைத்து இலை விட்டுவிட்டது. குட்டிக் குட்டி இலை, ஒவ்வொன்றின் விளிம்பும் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கிறது. உன் தேநீரில் இருப்பதற்கு ஒரு பல்கூடக் கிடையாது. இரண்டும் ஒரே செடியின் இலை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அப்படியானால் இது என்ன? கெட்டில் ஆவியில் தேநீர்ப் பெட்டியைக் காட்டி ஸ்டிக்கரை உரித்தேன். கம்பெனிக்காரன் ஒட்டியதன் அடியில் ஆங்கில மூலம் அப்படியே இருந்தது.

சென்னா. சன்னா இல்லை, சென்னா.

தமிழில் ஒற்றைக்கொம்பு விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பு உதிர்வது அச்சகத்தில் நான் தினமும் பார்ப்பது. உதிர்ந்த பிறகும் அர்த்தமுள்ள சொல்லாக நின்றுவிட்டதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சென்னா என்றால் நிலாவாரை. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பேதி இலை. மருந்துக் கடையில் மாத்திரையாகவே விற்கிறார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து குடிக்க வேண்டாம், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. சரியாக அந்த வரியின் மேல்தான் ஸ்டிக்கர் உட்கார்ந்திருக்கிறது. மறந்தார்களா, மறைத்தார்களா? மறைத்தார்கள் என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததை உன்னிடம் சொல்ல இது நேரமில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண் சிடுசிடுப்பானவள், எனக்கும் அவளுக்கும் சில்லறை விஷயத்தில் பேச்சு வார்த்தை இல்லை. இருந்தும் கேட்டேன். வாங்கிப் படித்தாள். இந்த மாதிரித் தேநீர் நிறைய வருகிறது, இளைப்பதாகத் தெரிவதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்றாள். பிறகு, குடிக்கிறவர்கள் வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டாள். தங்கைக்கு ரத்த அழுத்தம், அண்ணனும் அவளும் ஒரே மாத்திரைதான் என்று சொல்லி, பெரியண்ணனுக்கு நான் வழக்கமாக வாங்கும் அட்டையைக் காட்டினேன்.

"இது நீர் பிரியிற மாத்திரைங்க" என்றாள். அவள் முகத்தில் சிடுசிடுப்பு போய்விட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாத்திரை ஒரு பக்கம் நீரோடு பொட்டாசியம் என்கிற உப்பை வெளியேற்றுகிறது. இந்த இலை இன்னொரு பக்கம் அதையே வெளியேற்றுகிறது. உப்பு குறைந்தால் முதலில் கால் இழுக்கும், அசதி வரும், நெஞ்சு படபடக்கும். மேலும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். "தேநீரை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. மாத்திரையை அவங்களா நிறுத்தக் கூடாது. உடனே டாக்டரைப் பார்த்து ரத்தத்துல உப்பு பார்க்கச் சொல்லுங்க. படபடப்பு இருந்தா காத்திருக்க வேணாம், நேரா ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்க."

அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "மச்சான், உங்களுக்கு அந்தக் கம்பெனி மேல கோபம். அதுக்கு இவ வயித்தை ஏன் இழுக்கறீங்க?" என்றார். நீ தூக்கத்தில் கால் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறாய் என்றும், நெஞ்சு படபடவென்கிறது என்று சொன்னாய் என்றும், புது வேலை டென்ஷன்தான் என்றும் அவரே சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பல வருடமாக எல்லோர் மேலும் புகார் படித்தவன் நெருப்பு என்று கத்தினாலும் அதுவும் ஒரு புகாராகத்தான் கேட்கும். அதனால் என்னை நம்பு என்று கேட்கப்போவதில்லை. உரித்த ஸ்டிக்கரையும் அடியில் இருந்ததன் படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இவற்றையும் உன் மாத்திரை அட்டையையும் உன் டாக்டரிடம் காட்டு. என் பெயரையே எடுக்காதே. எங்கேயோ படித்தேன் என்று சொல். அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது, எங்களுக்குள் பகை எதுவும் இல்லை.

கோட்டைப் பற்றி அண்ணி ஒன்று எழுதச் சொன்னாள். அந்த மாதிரிக் கோட்டுகளில் பக்கத் தையலுக்கு உள்ளே துணி விட்டிருப்பார்களாம், பிரித்துக் கோட்டைப் பெரிதாக்கினாலும் வெளியே தெரியாதாம். அனுப்பினால் அவளே செய்து தருவாளாம். முன் மேஜையில் நீதான் நிற்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

உனக்குப் படபடப்பு இருப்பதால் காத்திருக்காதே, இதைப் படித்ததும் லீவு போட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. லீவு கிடைக்காவிட்டால் வேலைக்குப் போகும் வழியில் போ. ரத்தம் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டால், சின்னவன் வழக்கம்போல் உளறிவிட்டான் என்று பெரியண்ணனிடம் சொல். மாப்பிள்ளையிடம் சொல், யாரிடம் வேண்டுமானாலும் சொல். நான் ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். ஒரு சொல்லுக்காக வேலையையே இழந்தவன் கேட்கிறேன், இந்த ஒன்றில் மட்டும் நான் தப்பாக இருந்துவிட வேண்டும்.

என்ன வந்தது என்று எனக்கு எழுதக்கூட வேண்டாம். அண்ணி போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, போதும்.

நன்றாக இரு, பாப்பா. போய்விட்டு வா.

அண்ணா