இல்ல, இல்லு, இல்லம்

அன்புள்ள ஃபாதர்,

காலையிலிருந்து சமையற்கட்டு முழுக்க மாம்பழ வாசனை. கார்வேட்டிநகரத்திலிருந்து லட்சுமி வந்திருந்தாள். வருஷா வருஷம் ஒரு பை மாம்பழத்தை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறவள், இந்த முறை தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, "அம்மா போயிடுச்சுக்கா, போன வாரம்" என்றாள். "வீட்லதான். அதோட கட்டில்லதான். காப்பி குடிச்சிட்டு சாஞ்சிக்கினு இருந்துச்சு, அப்படியே போயிடுச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பாடா" என்றேன். தாயைப் பறிகொடுத்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது? நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளை, அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாம். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். அவள் கிளம்பிப் போனதும் உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. படுக்கையில் விழுந்த பிறகும் "முனெம்மா வீட்லதானே இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் நீங்கள். வீட்டில்தான் இருந்தார், ஃபாதர். வீட்டில்தான் போனார்.

வேலூரிலிருந்து நீங்கள் நம் முதியோர் இல்லத்துக்குப் பொறுப்பேற்று வந்தபோது, நான் இங்கே கரண்டி பிடித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. திருப்பதி பஸ் நிலையத்திலும் ரயிலடியிலும் யாருமில்லாமல் கிடக்கிறவர்களுக்காகத் திருச்சபை நடத்துகிற இடம். வந்த முதல் சனிக்கிழமையே சமையல்காரி, நர்ஸ், பெருக்குகிறவர்கள் என எங்கள் எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைத்து வகுப்பெடுத்தீர்கள். ஏழைகளையும் எளியவர்களையும் பற்றித் திருச்சபை என்ன போதிக்கிறது என்று ஒரு மணி நேரம். கரும்பலகையில் பெரிதாக "மனித மாண்பு" என்று எழுதினீர்கள். நான் நகரிப் பக்கத்துக்காரி, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து அம்மன் கோயிலுக்குப் போகிறவள். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

"மாண்புன்னா இன்னா ஃபாதர்? அடுப்பாண்ட அதுக்கு இன்னா வேலை?" என்று கேட்டேன்.

"கேட்டுட்டுப் போடு, செல்வி. அவங்களுக்கு என்ன வேணும், எவ்ளோ வேணும்னு நீயே முடிவு பண்ணாத. தட்டு நீட்டுறவங்களுக்கும் வாய் இருக்கு."

"நாப்பது பேரு கீறாங்க. ஒவ்வொருத்தரா கேட்டுக்கினு இருந்தா சோறு ஆறிடும்."

"ஆறட்டும்" என்றீர்கள். ஒரு வாரம் உங்களோடு நான் பேசவில்லை. ஆனாலும் கேட்டுத்தான் போட்டேன்.

அப்போதுதான் அந்த அம்மாவைப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணி, பேர் ஊர் எதுவும் தெரியாமல். ஜீப்பிலிருந்து இறக்கும்போது "தண்ணி" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துத் தமிழ்க்காரி என்று முடிவு கட்டினோம். நீங்கள் கட்டினீர்கள், நானும் கட்டினேன். இந்தப் பக்கத்தில் தெலுங்குக்காரரும் தண்ணி என்பார் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

சோற்றைக் கொண்டுபோனால் நல்ல கையால் தட்டைத் தள்ளி "இல்ல" என்பார். குழைத்த பருப்புச் சோறு, "இல்ல." தயிர்ச் சோறு, "இல்ல." என் சோற்றைத் தள்ளிய முதல் ஆள் அவர்தான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்களே தட்டோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் சாப்பிடுறீங்களாம்மா?" என்று கெஞ்சிப் பார்த்தீர்கள். உங்களுக்கும் அதே பதில். "வேணாம்னு சொல்றதையும் நாம மதிக்கணும் செல்வி" என்று எழுந்து வந்தீர்கள். பாவம், அதையும் நீங்கள் மாண்பு என்றே நினைத்தீர்கள்.

டிரிப்ஸில் இரண்டு வாரம் ஓடியது. உறவு யாரும் வரவில்லை. தமிழ் பேசுகிறவர்களோடு இருந்தால் தேறுவார் என்று சென்னைப் பக்கத்து இல்லம் ஒன்றுக்கு அனுப்பக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். வியாழக்கிழமை வேன். "போற இடத்துலயும் சாப்பிடலன்னா பத்து நாள் தாங்காது" என்று நர்ஸ் என் காதில் சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் அவர் கட்டிலருகே நின்று தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று சொல்லி வைத்திருந்த கொத்தனார் போன் செய்தார். அவர் தெலுங்கு. "மா இல்லு காருதா உந்தி மேஸ்திரி, எப்புடு ஒஸ்தாவு?" என்று கத்திக்கொண்டிருந்தேன். என் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினால், அந்த அம்மா. கண்ணெல்லாம் தண்ணீர். "இல்லு" என்றார். "மா இல்லு."

இல்லு என்றால் தெலுங்கில் வீடு. சோறு வேண்டாம் என்றால் தமிழ்க்காரி "வேணாம்" என்பாள், "இல்ல" என்றா சொல்லுவாள்? இரண்டு வாரமாக அந்த அம்மா வீடு, வீடு என்றிருக்கிறார். நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

"ஏ ஊரம்மா?" என்று கேட்டேன். "கார்... கார்..." என்றார். சுற்றியிருக்கிற ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கார்வேட்டிநகரம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

உங்களிடம் வந்து சொன்னேன். எழுந்து போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஓட்டைத் தெலுங்கில், "க்ஷமிஞ்சம்மா" என்றீர்கள். மன்னிப்புக் கேட்கிற சாமியாரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை வேன் சென்னைக்குப் போகாமல் புத்தூர் வழியாகக் கார்வேட்டிநகரம் போனது. பஸ் நிலையத்தில் பூக்காரி ஒருத்தி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "முனெம்மா காதா இதி!" என்று கூவினாள். அப்போதுதான் நமக்கு அவர் பேரே தெரிந்தது. மகள் லட்சுமி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அக்கம்பக்கத்தாரோடு திருப்பதி மலைக்குப் போன தாய் கூட்டத்தில் தவறிப்போய்விட, அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் ரசச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். முனெம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் உங்கள் கோயில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, "வாசல்ல இல்லம்னு போர்டு மாட்டியிருக்கோம்" என்று ஆரம்பித்தீர்கள். "உள்ள ஒரு அம்மா இல்லுன்னு சொன்னாங்க. எனக்கு இல்லன்னு கேட்டுச்சு. ஏழை பேசுறது நமக்குக் கேக்கலன்னா, அவங்களுக்குப் பேச்சு வரலன்னு நினைச்சுக்குறோம்." அவ்வளவுதான் பிரசங்கம். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் புதுச் சட்டம் போட்டீர்கள். "ரெண்டு தடவ கேளு, செல்வி. ரெண்டு பாஷையிலயும் கேளு."

போன வருஷம் உங்களை வேலூர் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தேன். கஞ்சி கொண்டுவந்திருந்தேன். டம்ளரைக் கையால் தள்ளினீர்கள். வாய்க்குள்ளேயே என்னவோ சொன்னீர்கள். நர்ஸ், "வேணாங்குறாரு, விட்டுடுங்க" என்றாள். நான் விடவில்லை. குனிந்து, "வேணாமா ஃபாதர்? வத்தா?" என்று தெலுங்கிலும் கேட்டேன். நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். "இல்லு, செல்வி" என்றீர்கள்.

மறுநாளே உங்களை இங்கே கூட்டி வந்துவிட்டோம். தோட்டத்துப் பக்கத்து அறையில், உங்கள் நாற்பது பேர் வாசலில் வந்து வந்து எட்டிப் பார்க்க, ஒன்பது நாள் இருந்தீர்கள். கஞ்சி குடித்தீர்கள். உப்பு கம்மி என்று என்னைத் திட்டவும் திட்டினீர்கள். அப்புறம் நீங்களும் வீட்டில்தான் போனீர்கள்.

இன்றைக்கு மத்தியானம் பந்தியில், நேற்று வந்த பெரியவர் ஒருவர் சோற்றைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். கரண்டியை வைத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "வேணுமா? காவாலா?" என்று இரண்டு பாஷையிலும் கேட்டேன். அவர் சொல்லி முடிக்கும் வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணாம்மா. வயிறு சரியில்ல. மோர் கீதா?" என்றார்.

வெறும் வேணாம்தான், ஃபாதர். அப்பாடா என்று எழுந்துபோய் மோர் கொண்டுவந்தேன்.

உங்கள்,
செல்வி