நான்கு வழக்குகள், ஒரே வேப்பமரம்

18-6-2025, புதன்

காலை பத்தேகால் மணிக்கு உதவி ஆய்வாளர் விக்னேஷ்வரன் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் கூடம்வரை வந்துவிட்டார். அதை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

தாயில்பட்டிச் சாலையில் உள்ள பட்டாசுக் கம்பெனியில் 16-6-2025 திங்கட்கிழமை நிகழ்ந்த வெடிவிபத்தில் அழகுமீனா, வேல்விழி என்ற இரு பெண்கள் இறந்தனர். சம்பவ இடத்தைப் பார்வையிட்டு எழுதிய மகஜரில் நான் சாட்சிக் கையெழுத்து இட வேண்டுமாம். குற்றவியல் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். கௌரவம்தான்.

சம்பவ இடத்துக்கு எப்போது புறப்படலாம் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அங்கன வந்து என்னய்யா பாக்கப் போறீக? எல்லாம் எழுதியாச்சு. இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு, ரெண்டே கையெழுத்து."

கண்டதைக் கண்டபடி எழுதுவதற்குப் பெயர்தான் மகஜர். நான் எதையும் காணவில்லை. இருந்தும் வாங்கிப் படித்தேன். "சம்பவ இடத்துக்குக் கிழக்கே ஒரு பெரிய வேப்பமரம் உள்ளது" என்று இருந்தது. அந்தக் கம்பெனியை ஒட்டி எனக்கு மூன்று ஏக்கர் கரிசல் இருக்கிறது. அந்தப் பக்கம் உடைமரம் தவிர வேறு மரம் நின்று நான் பார்த்ததில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால், இறந்தவர் பெயர் மொக்கைச்சாமி! அவர் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கம்பெனி விபத்தில் இறந்தவர். பழைய வழக்கின் மகஜரை எடுத்து, தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பெயரை மாற்றக்கூடப் பொறுமை இல்லை. செத்தவரையே மறுபடியும் சாகடித்திருக்கிறார்கள்.

கையெழுத்திட மறுத்துவிட்டேன். அவர் போன பிறகு கூடத்தைக் கழுவச் சொன்னேன்.

19-6-2025, வியாழன்

மருமகன் ஜெயபாண்டி தொலைபேசியில் பேசினார். செய்தி அதற்குள் அவர் காதுக்குப் போயிருக்கிறது. "போட்டு விட்ருங்க மாமா, அவுகளப் பகைச்சுக்கிட்டு நாம என்ன செய்யப் போறோம்" என்றார். கரிசலில் மக்காச்சோளத்துக்கு உழவு முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றார்.

என் மனைவி பஞ்சம்மாளின் கருத்து: ஊரில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் கையெழுத்தை நான் மட்டும் ஏன் அளந்து போடுகிறேன்? இப்படிப்பட்ட மகஜரை வைத்துக்கொண்டு கூண்டில் விழித்த சாட்சிகளை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். விடுதலையான ஒவ்வொருவனும் என் மேசையைத் தாண்டித்தானே போனான்.

27-6-2025, வெள்ளி

மாடத்தி என்ற பெண் வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விபத்தன்றே கைது செய்யப்பட்ட போர்மேன் சங்கிலிமுத்துவின் மனைவி. அவருக்கு ஜாமீன் இரண்டு முறை மறுக்கப்பட்டுவிட்டது.

உரிமம் பெற்ற கம்பெனி வளாகத்துக்குள் எது வெடித்தாலும் போர்மேன்தான் பொறுப்பு. வளாகத்துக்கு வெளியே என்றால் சட்டவிரோதக் கொட்டகை; அதை நடத்தியவனும் இடம் கொடுத்தவனும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே வெடித்த இடம் எது என்பதில்தான் அந்த மனிதனின் தலைவிதி தொங்குகிறது. மகஜரிலோ வளாகத்துக்குள், வேப்பமரத்துக்கு மேற்கே என்று இருக்கிறது. இல்லாத மரத்துக்கு எது மேற்கு?

"அவரு அன்னிக்கு உள்ள ரெண்டாம் நம்பர் ரூம்புல நின்னாருய்யா. வெடிச்சது எங்கிட்டோ" என்றாள். எங்கே என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். பிறகு, "நீங்க கையெழுத்துப் போடாததாலதான் கேசு நகராமக் கெடக்குன்னு டேசன்ல சொல்றாக. போட்டு விட்ருங்களேன்" என்றாள்.

நான் கையெழுத்திட்டால் அந்த மகஜர் நிலைத்துவிடும். நிலைத்தால் வழக்கு முடியும்வரை அவள் கணவன் வெளியே வர வழியே இல்லை என்று நிதானமாக விளக்கினேன். கேட்டுக்கொண்டாள்.

"அப்பச் சரி, போடாதீக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கள் சோம்பலுக்கு ஒரு காரணம் வேண்டும் என்று அந்தப் பெண்ணை என் மீது ஏவியிருக்கிறார்கள். சீ.

30-6-2025, திங்கள்

சூலக்கரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். என் மனுவில் மூன்றே கோரிக்கைகள். சம்பவ இடத்தை நில அளவர் அளக்க வேண்டும். மகஜரைச் சம்பவ இடத்திலேயே, சாட்சிகளின் முன்னிலையில் எழுத வேண்டும். எழுதும்போதே படம் பிடிக்க வேண்டும். இவை எதுவும் என் கண்டுபிடிப்பு அல்ல. சட்டத்திலும் விதியிலும் ஏற்கெனவே இருப்பவை. இருப்பதைச் செய்யுங்கள் என்று கேட்க வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது.

24-7-2025, வியாழன்

குறுஞ்செய்தி: தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.

அந்த உரிய அலுவலர் விக்னேஷ்வரன்தான்.

20-8-2025, புதன்

ஆய்வாளர் அருணாதேவி என்பவர் வந்தார். இந்த வழக்கு இப்போது அவரிடம். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

மாவட்டத்தில் நடந்த வெடிவிபத்து வழக்குகள் அனைத்தையும் ஒரே இடத்தில் கணினியில் ஏற்றும் பணி அவருக்குத் தரப்பட்டிருக்கிறது. இதுவரை ஒவ்வொரு நிலையமும் தன் காகிதத்தைத் தன் பீரோவிலேயே பூட்டி வைத்திருந்ததால், எதையும் எதனோடும் யாரும் ஒப்பிட்டதில்லை. ஒப்பிட்டபோது வெளியில் வந்துவிட்டது.

"நாலு ஊரு, நாலு கேசு. நாலுலயும் ஒரே வேப்பமரம் நிக்குதுய்யா" என்றார். சிரிக்கவில்லை. "மூணுல விடுதலை ஆயிருச்சு. மிச்சம் இது ஒண்ணுதான்."

என் மனுவை அவர் படித்திருக்கிறார். இனி வெடிவிபத்து என்றால் எந்த நிலையமானாலும் ஒரே நடைமுறை என்று ஒரு வரிசை தயாரித்திருக்கிறார்: முதலில் அளவை, அடுத்து படம், அடுத்து மண் மாதிரி, எடுத்த இடத்திலேயே அதற்கு எண் ஒட்டுதல், இப்படி ஏழெட்டுப் படிகள். நான்காவதும் ஐந்தாவதும் இடம் மாறியிருக்கின்றன என்று சுட்டிக்காட்டினேன். அங்கேயே திருத்தினார். பழையபடி நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இந்தத் துறையில் ஒரு ஆளைப் பார்த்து எனக்குக் குமட்டவில்லை என்றால் அது இன்றுதான்.

வரும் திங்கட்கிழமை அளவை. சாட்சியாக நான் வர வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

25-8-2025, திங்கள்

எழுத வேண்டும். வரிசையாக எழுத வேண்டும்.

ஒன்பதரை மணிக்குப் போனோம். முழங்கால் வலியாலும், அந்த வெடிமருந்து நெடி எனக்கு ஆகாது என்பதாலும் அந்தப் பக்கம் நான் போய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நிலத்தை ஜெயபாண்டியின் பொறுப்பில் விட்டிருந்தேன்.

கம்பெனியின் கம்பிவேலி என் நிலத்தையும் சேர்த்து வளைத்துப் போகிறது. நான் அதைக் கவனித்து வாயைத் திறக்கும் முன்பே நில அளவர் எல்லைக் கல்லைத் தேடத் தொடங்கிவிட்டார். புதருக்குள் கல் கிடைத்தது. அதிலிருந்து அளந்தார். வெடித்த கொட்டகையின் அடித்தளம், சிமெண்டுத் தளம், எரிந்த தகரம், பள்ளம் எல்லாமே கல்லுக்குக் கிழக்கே இருந்தன. கம்பெனியின் சர்வே எண்ணில் ஒரு மூலைகூட இல்லை.

அந்த இடத்தின் சர்வே எண்ணை அளவர் உரக்கப் படித்தார். ஒரு காவலர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அது என் பட்டாவில் உள்ள எண்.

நிலத்தில் உழவின் சுவடே இல்லை. தரையெல்லாம் வெள்ளி நிறத்தில் தூள். ஓரத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது, பெண்கள் அணிவது, பாதி உருகி. அதையும் படம் பிடித்து எண் ஒட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே வாந்தி எடுத்தேன்.

பேனாவை எடுத்தபோது அருணாதேவி தடுத்தார். குரலில் மரியாதை குறையவில்லை.

"ஐயா, நீங்க இதுல சாட்சியாப் போட முடியாது. நெலத்துக்காரரு நீங்க. ஒங்கள நான் விசாரிக்கணும்."

சரியான நடைமுறை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

26-8-2025, செவ்வாய்

அப்படியானால் ஆண்டுதோறும் தை மாதம் "நம்ம காட்டுல வெளஞ்சது மாமா" என்று இறக்கிவிட்டுப் போன மக்காச்சோள மூட்டைகள் எந்த மண்டியில் வாங்கியவை? மூன்று ஆண்டுகள் அதை அரைத்துத் தின்றிருக்கிறேன். நல்ல விளைச்சல் என்று பாராட்டியும் இருக்கிறேன்!

ஜெயபாண்டியின் தொலைபேசி அணைந்திருக்கிறது. மகள் பாண்டிலட்சுமி மாலையில் வந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சீசன் நேரத்தில் கம்பெனி தரும் ஆர்டரை அவர் அந்தக் கொட்டகையில் வைத்து ஆள் பிடித்துச் செய்துகொடுத்தாராம். எல்லோரும் செய்வதுதானாம். எல்லோரும்! இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசுகிறது. அந்த இரண்டு பெண்களும் அந்த எல்லோரிலும் சேர்த்தியா?

வியாழக்கிழமை விசாரணையில் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டாள். உண்மையை என்றேன்.

"நெலம் யாரு பொறுப்புலன்னு கேட்டா, ஆள் வச்சுப் பாத்தேன், பேரு ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்கப்பா. ஒங்க வயசுக்கு நம்புவாக."

என் ஞாபகத்தை யாரும் குறை சொன்னதில்லை என்றேன். அவள் அழவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒரு வேப்பமரத்த எழுதிட்டுப் போறாகன்னு விட்டிருக்கலாம்லப்பா. ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

பஞ்சம்மாள் அவளைத் தெருமுனை வரை அனுப்பிவிட்டு வந்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டு மறுபக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள். ஏன்டா இந்த வேலைக்குப் போனோம்னு இருக்கு. போகாமலும் இருந்திருக்க முடியாது. அந்த மகஜரில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால்? சங்கிலிமுத்து உள்ளே, என் மருமகன் வெளியே, நான் கூடத்தில் உட்கார்ந்து சோளக்கஞ்சி. நினைக்கவே நாறுகிறது.

28-8-2025, வியாழன்

வாக்குமூலம் கொடுத்தேன். கேமரா முன்னால். நிலம் 2022 ஜூன் முதல் என் மருமகன் ஜெயபாண்டியின் பொறுப்பில் இருந்தது. கொட்டகை பற்றி எனக்குத் தெரியாது. மூன்று வருடமாகப் போய்ப் பார்க்கவே இல்லையா என்று அருணாதேவி கேட்டார். முழங்கால், நெடி என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

எழுதியதை வாசித்துக் காட்டினார். நான் சொன்னவைதான், நான் சொன்ன வரிசையில்.

11-9-2025, வியாழன்

ஜெயபாண்டி சரணடைந்தார். பஞ்சம்மாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்று சொன்னாள். சொன்னது வரை நன்று.

6-10-2025, திங்கள்

சங்கிலிமுத்து வந்தார். இடம் வளாகத்துக்கு வெளியே என்று அளவை காட்டிவிட்டதால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். சிறையில் இளைத்துப் போயிருக்கிறார். மாடத்தியும் கூட வந்தாள். இந்த முறை இருவரும் உட்கார்ந்தார்கள். வீட்டில் ஆள் இல்லை. தண்ணீர் நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

வெடித்த இடம் எது என்று அன்றே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். கேட்டபோது என் குரலில் கோபம் இருந்தது என்பதைக் குறிக்க வேண்டும். அந்த மனிதர் மாடத்தியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"ஒங்க நெலம்னு ஊருக்கே தெரியும்யா. ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனச்சோம்" என்றார்.

"அன்னிக்கு நான் இங்கன வந்தது அதுக்குத்தான்" என்றாள் மாடத்தி. "நீங்க மனசு வச்சா விட்ருவாகன்னு சொன்னாக. எங்கன்னு நீங்க என்னையவே கேட்டீகளா, நான் பயந்துட்டேன். நம்மள ஆழம் பாக்காருன்னு."

அன்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன், விதியையும் நிலைமையையும், நிதானமாக. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

போகும்போது நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? தீபாவளி லோடு ஏறுகிற நேரம்; வேறு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார்.

20-10-2025, திங்கள்

தீபாவளி. சன்னலை அடைத்துக்கொண்டு இருந்தேன்.

11-12-2025, வியாழன்

நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை நகல் தந்தார்கள். இந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்துதான் நான் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்குபவன் எங்கே நிற்பான் என்பது தெரிந்திருந்ததால் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் எதிரி கம்பெனி உரிமையாளர். இரண்டாம் எதிரி ஜெயபாண்டி. மூன்றாம் எதிரி நான். சங்கிலிமுத்து ஆறாம் சாட்சி. பாண்டிலட்சுமி தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்றாள். அவள் கையில் இருந்த சாப்பாட்டுத் தூக்கு எங்கள் குடும்பத்தின் இரண்டு எதிரிகளில் ஒருவருக்கு மட்டுமானது.

வீட்டுக்கு வந்து சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டுப் பக்கம். அளவர் வரைபடத்தில் திசைகள் சரி. மண் மாதிரி எண்களும் படங்களின் எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அழகுமீனாவின் வயதும் வேல்விழியின் கணவர் பெயரும் சரி. என் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண் எல்லாம் சரி. நிலத்தைப் பராமரிக்காமலும் கண்காணிக்காமலும் விட்டது என்று என் மீதான குற்றம் ஒரே வாக்கியத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தெளிவான வாக்கியம்.

மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.